ஏழு ஏடுகளும் ஒரு வரியும்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர்க்குக் கடன் வேண்டுமாயின், முன்னாளில் தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல்லே பிணையாக நின்றது. இன்றோ, கைபேசியில் விண்ணப்பித்த சில நிமிடங்களிலேயே ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை வந்துவிடுகிறது. பழைய கடனாளிகளின் வரலாற்றைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினியே பல இடங்களில் அவ்விடையைத் தருகிறது. அப்பயிற்சி எங்ஙனம் நிகழ்கிறது என்பதை நம் அன்பர்கள் அறிதல் நன்று எனக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

இத்தகைய கணினி முறைகள் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வரியாக அமைந்த ஒரே அட்டவணையைத்தான் படிக்கும். ஆனால் மளிகைக் கடையில் ஓர் ஏடு, சீட்டு நடத்துபவரிடம் ஓர் ஏடு, வீட்டுக்காரரிடம் ஓர் ஏடு என்று நம் வாழ்க்கை பல ஏடுகளில் அன்றோ சிதறிக் கிடக்கிறது?

செக் நாட்டில் தோன்றிய ஹோம் கிரெடிட் என்னும் கடன் நிறுவனம், 2018ஆம் ஆண்டில் காகிள் நடத்திய போட்டி ஒன்றுக்குத் தன் ஏடுகளைப் பெயர் நீக்கி வழங்கியது. கடனைத் திருப்ப இடர்ப்படுவோர் யாவர் என முன்கூட்டிக் கணிப்பதே போட்டி. விண்ணப்பம், பிறரிடம் பெற்ற கடன், அதன் மாத நிலை, முன்னைய விண்ணப்பம், தவணை, கடனட்டை, கடைக்கடன் என ஏடுகள் ஏழு. விடை தெரிந்த விண்ணப்பங்கள் 3,07,511. பிறரிடம் பெற்ற கடன்களின் ஏட்டிலோ 17,16,428 வரிகள். ஒருவருக்கு மட்டும் 116 வரிகள்!

இரண்டையும் அப்படியே ஒட்டினால் அவர் 116 ஆட்களாகப் பெருகிவிடுவார். கணினியும் அவ்வாறே நம்பும். ஆகவே அவ்வரிகளை எண்ணியும் கூட்டியும் சராசரி கண்டும் ஒரே வரியாகச் சுருக்கிய பின்னரே இணைத்தல் வேண்டும். இச்சுருக்கத்தில்தான் ஒருவரது நற்பெயர் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு தவணைகளையும் ஐந்தைந்து நாள் தாழ்த்திக் கட்டியவர் ஒருவர். பதினொன்றை உரிய நாளில் கட்டி, மனைவி மருத்துவமனையில் கிடந்த மாதத்தில் மட்டும் அறுபது நாள் தாழ்த்தியவர் மற்றொருவர். இருவர்க்கும் சராசரி ஐந்தே! ஆதலின் தேர்ந்தோர் சராசரியோடு உச்சத்தையும் அண்மைக்கால நிலையையும் தனித்தனியே சேர்ப்பர்.

இனி, வரியே இல்லாதவர் நிலை யாது? மொத்தம் 3,56,255 விண்ணப்பதாரருள் ஏறத்தாழ 50,000 பேருக்குப் பிற கடன் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. இரு ஏட்டிலும் உள்ளவரை மட்டும் எடுத்தால் இவர்கள் அடியோடு மறைவர். வெற்றிடத்தில் சுழியம் இட்டாலோ, கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவரும் கடனே வாங்காதவரும் ஒன்றாகிவிடுவர். புதிதாக வந்து இறங்கிய நம் இளைஞர் பலர் இரண்டாம் வகையினர் அல்லரோ? ‘வரலாறு இல்லை’ என்று தனிப் பத்தியில் குறித்தலே நேர்மை. அதே ஏடுகளில் ஒரு வேடிக்கையும் உண்டு: பணியாற்றிய நாள்களின் பத்தியில் ஆயிரக்கணக்கானோர்க்கு 365243 என்று இருக்கிறது, அதாவது ஆயிரம் ஆண்டு! வெற்றிடத்தை நிரப்ப இட்ட எண் அது. அவர்களுட் பெரும்பாலோர் ஓய்வூதியர்.

காலமும் கருதத்தக்கது. கடன் கொடுத்த பின் நிகழ்ந்த செய்தி பயிற்சி வரியிற் புகுந்தால், கணினி விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாணவனாகிவிடும்.

அப்போட்டியில் ஆளுக்கோர் எண் இருந்தமையால் இணைப்பு எளிதாயிற்று. வெவ்வேறு அலுவலகத்து ஏடுகளில், பொது எண் இல்லாவிடின், பெயரும் பிறந்த நாளுமே துணை. கனடா நாட்டுப் புள்ளியியலார் ஃபெலகியும் சன்டரும் இதற்கு 1969இல் ஒரு கோட்பாடு வகுத்தனர். பொருந்தும் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எடை தருவது அவர்தம் முறை. நமக்கோ முதலெழுத்தே இடையூறு. ஊரில் ‘சு. முருகன்’, இங்கே ஒரு படிவத்தில் ‘முருகன் சுப்பையா’, மற்றொன்றில் ‘சுப்பையா முருகன்’. ஒருவரே மூவராகலாம், பிறர் கடன் நம் தலையிலும் ஏறலாம்.

கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தருமாறு ரிசர்வ் வங்கி 2016இல் ஆணையிட்டது. அதனைப் பெற்று, முதலில் பெயரையும் தந்தை பெயர் நிற்கும் இடத்தையும் பாருங்கள். பிழை கண்டு முறையிட்டால் 30 நாள்களுக்குள் தீர்த்தல் வேண்டும். தாழ்த்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் விதித்துள்ளனர்.