ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்களின் கால் பலம் குறைவது ஏன்?

 

நம் அறக்கட்டளை வாக்கர், சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில் ஆகியவற்றை இரவலாகக் கொடுத்து வருவதை அறிவீர்கள். "வாப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஒரு மாதத்துக்குப் போதும்" என்று சொல்லி வாங்கிச் செல்லும் வாக்கர்களில் பல, ஆறு மாதமாகியும் திரும்பி வருவதில்லை. விசாரித்தால், "புண் ஆறிவிட்டது. ஆனால் வாப்பாவால் இன்னும் தனியாக எழுந்திருக்க முடியவில்லை" என்கிறார்கள். புண் ஆறிய பின்னும் கால் ஏன் பலம் பெறவில்லை? வயதை மட்டும் காரணம் சொல்லி விட்டுவிட முடியாது.

ரத்தத்தில் நடப்பது என்ன?

உடலில் காயம் பட்டாலும் கிருமி புகுந்தாலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை ரத்தத்தில் கலக்கின்றன. இவை உடல் முழுவதற்கும் ஆபத்தை அறிவிக்கும் தூதுகள். இந்தத் தூது கிடைத்ததும் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற இன்னொரு புரதத்தைத் தயாரிக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சி.ஆர்.பி.' என்று இருப்பது இதுதான். 1930ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டறிந்தார்கள்.

ஆபரேஷனும் உடலுக்கு ஒரு காயமே. அது முடிந்த சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கி, 2 அல்லது 3 நாட்களில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். இறங்காமல் மறுபடி ஏறினால், கிருமித் தொற்று இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள்.

இந்த அழற்சி புண் ஆறுவதற்குத் தேவை. ஆனால் புண்ணை ஆற்றுவதற்கான அமினோ அமிலங்கள் எங்கிருந்தாவது வரவேண்டும். சாப்பாட்டில் போதிய அளவு கிடைக்காவிட்டால், உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. புதிய தசை உருவாவதையும் அழற்சி மட்டுப்படுத்துகிறது.

வாலிபர்கள் இந்த இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்டிவிடுவார்கள். முதியவர்கள் பலருக்கோ ஆபரேஷனுக்கு முன்பே லேசான அழற்சி உடலில் நீடித்திருக்கும். தொப்பை, சர்க்கரை நோய், புகைப் பழக்கம், ஈறு நோய், நடமாட்டமின்மை ஆகியவை அதைக் கூட்டுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் முதியவர்களை 3 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வில், இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. இரண்டும் கூடுதலாக இருந்தவர்களுக்கே தசை பலம் பெருமளவு குறையும் அபாயம் அதிகம் என்று தெரிந்தது.

படுக்கையும் பத்தியமும்

இதோடு படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2007ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எந்த நோயும் ஆபரேஷனும் இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்தே நாட்களில் அவர்களுடைய கால்களில் சுமார் 1 கிலோ தசை குறைந்துவிட்டது. ஆபரேஷன் ஆனவர் நிலை எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? "எழும்பாதீங்க வாப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டு போகிறோம். பத்தியம் என்று சாதக் கஞ்சியும் ரசமும் கொடுக்கிறோம். அவற்றில் புரதம் மிகக் குறைவு. பாசத்தால் செய்வதுதான், ஆனால் அந்தப் பாசமே பெரியவரைக் கட்டிலோடு முடக்கிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. எப்போது உட்காரலாம், எப்போது நிற்கலாம், எப்போது நடக்கலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களைக்கூட இப்போது பெரும்பாலும் மறுநாளுக்குள் நிற்க வைத்துவிடுகிறார்கள்.

2. மருத்துவர் அனுமதித்ததும், கைத்தாங்கலாக ஒருவர் அருகில் நிற்க, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் சில தடவை செய்ய வையுங்கள்.

3. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. ஆகவே முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளவும்.

4. காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ், மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கம் இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆபரேஷன் ஆகாத பெரியவர்களையும் சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை என்பது ஆசிய மருத்துவர் குழு 2019ல் தந்த அளவுகோல்.

"இந்த வயதில் இனி என்ன பலம் வரப்போகிறது?" என்று மனம் தளர வேண்டாம். 1990ல் வெளியான பாஸ்டன் நகர ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியவர்கள் 8 வாரம் கால் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது.

நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ நம் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாற்காலியில் தொழுபவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் மீண்டும் ஸஃப்பில் நின்று தொழ ஆசைப்படும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்த பலம் திரும்பி வர உதவுவது பிள்ளைகளான நம் பொறுப்பு. வாக்கர் வேண்டுவோர் தயங்காமல் வந்து கேளுங்கள். அதை அவர்கள் பிடித்து நடக்கிறார்களா என்பதையும் தினமும் பாருங்கள். தேவை முடிந்ததும் திருப்பித் தாருங்கள்; அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோர்களுக்குப் பூரண ஷிஃபாவையும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்