வேலைக்குப் போகும் வழியில் ரயில் விபத்தா? சொக்சோ இருக்கு

பாயான் லெப்பாஸுக்கு இன்னும் ரயில் வரல. முத்தியாரா எல்.ஆர்.டி. தடத்தின் கட்டுமானம் நடக்கிறது. நாளைக்கு அதில் ஏறி தொழிற்பேட்டைக்குப் போகும்போது அடிபட்டால், யாரிடம் கேட்பீங்க?

கோலாலம்பூரில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்தது. 2021 மே 24 இரவு, கேஎல்சிசி அருகே சுரங்கப்பாதையில் இரண்டு எல்.ஆர்.டி. ரயில்கள் மோதி 213 பேர் காயமடைந்தனர். ரயில் நிறுவனத்தின் பொறுப்பு தனி. வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: சொக்சோ.

1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். மோட்டாரா, பஸ்ஸா, ரயிலா என்று பார்ப்பதில்லை. யார் தவறு என்று நிரூபிக்கவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போய்வரும் பயணமும் சேரும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் படம் பார்க்கப் போனீங்களா? பயணம் வழிமாறினால் சொக்சோ மறுக்கலாம்.

விபத்து நாளையும் சேர்த்து குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவ வாரியம் மதிப்பிடும்.

போலீஸ் புகார், எம்.சி., டிக்கெட் பதிவு எதையும் தூக்கிப் போடாதீங்க. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்திருந்தாலும், வீட்டு ஆளை விட்டு ஆபீசுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்க.