நிலத்தின் விலையும் மனையில்லாக் குடியும்

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கென 2018ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அந்நிலமெடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2020இல் அதற்கு வழிவிட்டது. இத்தகைய சாலைப் பணிகளில், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழும் கூலிக் குடும்பத்திற்கு என்ன உரிமை உண்டு என்பதையே நாம் இங்கு நோக்குகிறோம்.

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இழப்பீட்டை மட்டுமே அறியும்; மறுகுடியமர்வை அறியாது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் அட்டவணைகள் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தலாயின. அவற்றின்படி, அறிவிக்கைக்கு முன் மூன்றாண்டுகள் தொடர்ந்து அங்கு வசித்துக் குடிபெயரும் குடும்பம், சொந்த மனை இல்லாததாயினும் வீடு பெறும். ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாயும், பொருள்களைக் கொண்டு செல்ல 50,000 ரூபாயும், குடியமர 50,000 ரூபாயும் உண்டு. இவை 2013இன் விலைவாசிக்கு வகுத்தவை என்பதை மறத்தலாகாது.

உதுமானியரின் மஜல்லா, 1216ஆம் விதியில், சாலைக்காக ஒருவரின் உடைமையை விலைக்கு எடுக்க இடமளிக்கிறது. ஆயின் விலையைக் கொடுக்குமுன் அவர் கையிலிருந்து எடுக்கலாகாது என்கிறது. நேரிய விதி. எனினும் அது உடைமையாளரையே பேசுகிறது. குடிசைவாசி அதில் இல்லை. இவ்விடத்தில் நம் நாட்டுச் சட்டம் ஒரு படி மேலே நிற்கிறது. ஆனால் மூன்றாண்டு வசிப்பை மெய்ப்பிக்கக் குடும்ப அட்டையோ வாக்காளர் பட்டியலோ வேண்டும். கணக்கெடுப்பில் விடுபட்ட பெயரைப் பின்னர்ச் சேர்ப்பது அரிது.