வேலியில் ஒரு மருந்து: நொச்சி

நடவும் களையெடுப்பும் முடிந்த நாட்களில் மூட்டுவலியாலும் இடுப்புவலியாலும் வருந்தாத உழவர் குடும்பம் அரிது. அவ்வலிக்கு இதமளிக்கும் நொச்சி, நம் ஓடைக்கரைகளிலேயே வளர்கிறது. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் நிர்குண்டி. 3 அல்லது 5 சிற்றிலைகள் விரல்களைப்போல் விரிந்திருக்கும், இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும், பூ நீலநிறமானது.

இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் ஒற்றடமிடலாம். இலையிட்டுக் காய்ச்சிய நீரையும் இளஞ்சூட்டில் ஊற்றலாம். சூட்டினால் இறுகிய தசை தளர்ந்து வலி தணியும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நீரிழிவு நோயால் கால் மரத்துப்போனவர்கள் ஒற்றடமிடலாகாது. சூடு உணரப்படாமல் தோல் வெந்து புண்ணாகும். மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலும், கைகால் திடீரெனச் செயலிழந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தைத் தகுதிபெற்ற மருத்துவரிடமே பெறுக.

மழைக்காலத் தொடக்கத்தில் முழ நீளப் போத்துகளை வெட்டி ஊன்றினால் எளிதில் வேர்பிடிக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் இதனை மேய்வதில்லையாதலால் வேலிக்கு ஏற்றது. மிலாறுகள் கூடை முடையவும், உலர்ந்த இலை தானியத்தில் வண்டு அணுகாமல் காக்கவும் உதவும்.

ஆதலின் ஊராட்சி மன்றத்தினர் இவ்வாண்டு மழைக்கு முன்பே இடந்தேர்ந்து, ஓடைக்கரைகளிலும் பொதுநில வேலிகளிலும் நொச்சியை நடுவிக்குமாறு வேண்டுகிறோம்.