அரக்கோணத்து மரத்தளமும் டாங்கோ நடனமும்



காஞ்சியிலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் அரக்கோணம் சந்திப்பு வந்துவிடும். என் தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியபடியால் என் இளமைப் பருவம் அவ்வூரில் கழிந்தது. எஞ்சின் ஓட்டுநர், கார்டு முதலிய பணிகளில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல எங்கள் அக்கம் பக்கத்தில் வசித்தன. அரக்கோணத்தில் மட்டுமல்ல, பெரம்பூர், ஜோலார்பேட்டை, பொன்மலை, போத்தனூர் என்று ரயில்வே வளர்ந்த ஊர்களிலெல்லாம் அவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூடிய இடத்தில் நடனமும் இருந்தது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் மண்டபத்து மரத்தளத்தின் மீது மாலையிலேயே வெள்ளைப் பொடி தூவித் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். வீடு திரும்பினால் பாட்டியிடம் வசவு காத்திருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதைக் குடும்பப் பெண் பார்க்கலாமா என்பது அவர் கேள்வி. அதே மண்டபத்தின் சுவரோரம் அப்பெண்களின் தாய்மாரும் அத்தைமாரும் நாற்காலியில் அமர்ந்து, கண் இமைக்காமல் காவல் இருந்தது பாட்டிக்குத் தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்.

வால்ட்ஸ், பாக்ஸ்டிராட் என்று பல ஆட்டங்கள் ஆடுவார்கள். ஒரே ஒரு ஆட்டத்தின்போது மட்டும் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் யாவும் சட்டென்று கடுமையாகிவிடும். கால்கள் பூனை நடப்பதுபோல் நடக்கும், திடீரென்று நிற்கும். அதுதான் டாங்கோ.

டாங்கோ பிறந்தது தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ், உருகுவேயின் மான்டிவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் அங்கே குவிந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் முன்பே அங்கிருந்தனர். ஆப்பிரிக்கரின் முரசொலி, கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா தாளம், உள்ளூர் மிலோங்கா ஆகிய மூன்றும் கலந்து டாங்கோ உருவாயிற்று. அதற்கு உயிரூட்டும் வாத்தியம் பாண்டோனியன். கைகளால் இழுத்து அமுக்கி வாசிக்கும் துருத்திப் பெட்டி அது. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பாண்ட் என்ற இசைக்கருவி வியாபாரியின் பெயரால் வழங்கிய அது, கடல் கடந்து ஏழைகளின் கைக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் நம் பஜனை மடத்தில் நிலைத்துவிடவில்லையா, அப்படித்தான்.

பியூனஸ் அயர்ஸின் பெரிய வீட்டார் இந்த ஆட்டத்தைத் தீண்டவில்லை. 1912, 1913 வாக்கில் பாரிஸ் மாநகரம் டாங்கோவைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாடிய பிறகே அவர்களுக்கும் அது மரியாதைக்குரியதாயிற்று. உள்ளூர்ச் சரக்குக்கு வெளியூர் முத்திரை வேண்டியிருப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கம்போலும்!

பாரிஸிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சென்றது. அங்கே வெர்னன் காசில், ஐரீன் காசில் என்ற தம்பதியர், கண்ணியமான குடும்பத்தினரும் ஆடத்தக்கதாக அதைச் சீர்செய்தனர். நெருக்கத்தைத் தளர்த்தி, சிக்கலான அடிகளைக் குறைத்து, 1914-இல் நடனம் பற்றி ஒரு நூலும் வெளியிட்டனர். வெர்னன் 1918-இல் விமான விபத்தில் மாண்டார். அவர்களிடம் பயின்ற ஆர்தர் மரே என்பவர் 1920-களில் ஒரு புதுமை செய்தார். பாதச் சுவடுகளைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். வாங்கியவர்கள் வீட்டில் அதைத் தரையில் விரித்து, சுவட்டின்மேல் கால் வைத்துப் பழகினார்கள். அமெரிக்க முறை டாங்கோ எளிதாயிருப்பதன் இரகசியம் இதில் இருக்கிறது. மேடைக் கலைஞருக்காக அன்றி, கடைச் சிப்பந்திக்கும் தட்டச்சுப் பெண்ணுக்கும் கற்றுத்தர அமைந்த முறை அது. வாயில் ரோஜாப் பூவைக் கவ்விக்கொண்டு ஆடுவதெல்லாம் மேடையும் சினிமாவும் பரப்பிய காட்சி.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஜெர்மானியப் பேரரசர் தம் படை அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக்கூடாதென்று 1913-இல் தடை விதித்தார். 1914 சனவரியில் ரோமை மறைமாவட்டத்தின் பொறுப்பிலிருந்த கர்தினால் பொம்பிலி மேய்ப்பர் மடல் ஒன்றில் இதைக் கண்டித்தார். நூறு ஆண்டு கழித்து, 2014 டிசம்பர் 17 அன்று, புனித பேதுரு சதுக்கத்திலேயே நூற்றுக்கணக்கானோர் டாங்கோ ஆடினர். அன்று திருத்தந்தை பிரான்சிஸின் பிறந்தநாள். பியூனஸ் அயர்ஸில் பிறந்து வளர்ந்த அவர், இளமையில் தாமும் டாங்கோ ஆடியதாகச் சொல்லியிருக்கிறார். 2025-இல் அவர் மறைந்தபோது அவருடைய ஊர்க்காரர்கள் அந்த இசையையும் சேர்த்தே நினைத்திருப்பார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பரதமோ பாட்டோ பயிலும் மாணவியருக்கு இது மிக எளிது. ஆதி தாளத்தைப் போடுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பின் தட்டு வீச்சு, தட்டு வீச்சு, ஆக எட்டு. அமெரிக்க முறையின் அடிப்படை அடிகள் ஐந்து. அவை மெதுவாக, மெதுவாக, விரைவு, விரைவு, மெதுவாக என்று செல்லும். மெதுவான அடிக்கு இரண்டு எண்ணிக்கை, விரைவான அடிக்கு ஒன்று. முதல் இரண்டு மெதுவடிகள் லகுவின் நான்கில் அடங்கும். இரு விரைவடிகள் முதல் தட்டு வீச்சிலும், கடைசி மெதுவடி இரண்டாம் தட்டு வீச்சிலும் அடங்கும். கணக்கு ஒரு மயிரிழையும் பிசகவில்லை! டாங்கோ ஆதி தாளத்தில் அமைந்தது என்று எழுதிவிட்டதாகப் பாட்டு ஆசிரியை கோபிக்க வேண்டாம். கணக்கு பொருந்துகிறது, அவ்வளவே. அமெரிக்க ஆசிரியர்கள் டாங்கோ என்ற சொல்லின் ஐந்து ஆங்கில எழுத்துக்களையே அடிக்கு ஒன்றாகக் கூவுவார்கள்.

ஆண் இடக்காலை முன்வைத்துத் தொடங்குவான். இடம், வலம், மீண்டும் இடம் என மூன்றடி முன்னோக்கி நடந்து, வலக்காலைப் பக்கவாட்டில் வைத்து, இடக்காலை அதனருகே மெல்ல இழுத்துச் சேர்க்க வேண்டும். பெண் அதற்கு நேர்மாறாக வலக்காலைப் பின்வைத்துத் தொடங்கி மூன்றடி பின்னோக்கி நடந்து, இடக்காலைப் பக்கத்தில் வைத்து, வலக்காலை இழுத்துச் சேர்ப்பாள். இழுத்துச் சேர்க்கும் காலின்மேல் உடல் பாரத்தை ஏற்றக்கூடாது. அப்போதுதான் அடுத்த சுற்றை அதே காலால் தொடங்க முடியும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வால்ட்ஸில் உடல் அலைபோல் ஏறி இறங்கும். டாங்கோவில் அது கூடாது. முழங்கால்கள் சற்றே மடங்கியிருக்க, தலை ஒரே மட்டத்தில் செல்லவேண்டும். அரைமண்டியில் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாதத்தைத் தேய்க்காமல் எடுத்து வைக்க வேண்டும். நடுவில் கோர்த்தே என்றொரு நிறுத்தம் உண்டு. ஆண் இடக்காலைப் பின்வைத்து முழங்காலை மடித்து நிற்பான், பெண் அவன்மேல் சாயாமல் தன் காலிலேயே நிற்பாள். ஜோடிகள் மண்டபத்தை இடமிருந்து வலமாக அன்றி, நம் கோயில் பிரதட்சிணத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிவருவார்கள்.

ஆண் நடத்த, பெண் பின்பற்ற வேண்டும் என்பார்கள். இதைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். கோர்வைப் புடவை நெய்யும் தறியை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், நாடா மூன்று. நெசவாளி ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரையின் நாடாவைத் தள்ளவேண்டும். அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கை அசைவு மற்றவருக்குச் செய்தி. ஒருவர் பிந்தினாலும் கரை பிசகும். டாங்கோவில் ஆணின் வலக்கை பெண்ணின் முதுகில் தரும் குறிப்பும் அத்தகையதே. தள்ளுவதும் இழுப்பதும் பிழை.

ஆங்கில முறை என்று வேறொன்று உண்டு. அதில் ஆட்டம் முடியும்வரை ஜோடி பிடியை விடுவதில்லை. அமெரிக்க முறையில் பிடியை விட்டு விலகலாம், பக்கத்தில் நின்று நடக்கலாம், பெண் தன் தோழனின் கைக்கடியில் சுழலலாம். நம் ரயில்வே ஊர்களில் ஆடியது பெரும்பாலும் ஆங்கில வழி வந்ததே. ஆனால் தொடங்குவோருக்கு அமெரிக்க முறையே தகுந்தது என்பது என் கருத்து.

பாட்டியின் கோபத்தை நினைக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1925-இல் நம் காஞ்சியின் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி பாலசரஸ்வதி அரங்கேறினார். குரு கந்தப்பப் பிள்ளை. அந்நாளில் சதிர் என்ற அந்த ஆட்டத்தையும் குடும்பப் பெண் பார்க்கலாகாது என்றே பலர் சொன்னார்கள். இன்று தம் பெண்ணுக்குச் சலங்கை கட்டாத பெற்றோரைத் தேடவேண்டியிருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ டாங்கோவை மானிடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

எங்கள் அண்டை வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண் என் வகுப்புத் தோழி. ஒரு புத்தாண்டு நடனத்துக்கு என்னை அழைத்தாள். அவளுடைய தாயார் தம் பக்கத்து நாற்காலியில் என்னை அமர்த்திக்கொள்வதாக வாக்களித்தும் பாட்டி சம்மதிக்கவில்லை. மறு ஆண்டு அக்குடும்பம், அவர்களுள் எத்தனையோ பேரைப்போல, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. போகுமுன் பல மாலைகளில் அவள் தன் வீட்டு வராந்தாவில் எனக்கு டாங்கோ கற்றுக்கொடுத்தாள். நான் அவளைவிட உயரமாதலால் எப்போதும் நான்தான் ஆண். ஆகவே இன்றைக்கும் ஐந்து அடியும் எனக்கு முன்னோக்கித்தான் தெரியும். பெண்ணின் அடிகளை அவள் கால்களைப் பார்த்து மனத்தில் வாங்கியதோடு சரி.