கலங்கல் நீரும் படிகாரக் கணக்கும்
(குடிநீரைச் சுத்தி செய்வதில் "நரம்பு வலை" என்னும் கணக்கு முறை)

ஆற்றில் புது வெள்ளம் வரும் நாட்களில் குடத்தில் மொண்டு வந்த ஜலம் செம்மண் கரைசலைப்போல் இருப்பதை யாவரும் அறிவர். நம் முன்னோர்கள் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்து, சேறு அடியில் தங்கிய பின் மேலே தெளிந்த நீரை இறுத்து உபயோகித்தார்கள். எவ்வளவு இழைக்க வேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள் தராசில் நிறுத்துப் பார்த்ததில்லை. கலங்கலின் நிறத்தையும் முந்தின நாள் கண்ட பலனையும் கொண்டு, கைப்பழக்கத்தால் அறிந்தார்கள். இக்கைப்பழக்கத்தைப் போன்றதொன்றைப் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கும் முறையே "நரம்பு வலை" எனப்படுவது. குழாய் நீரைக் குடிக்கும் குடியானவர்களும், அதை மேற்பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதன் பயனையும் எல்லையையும் தெரிந்துகொள்வது அவசியம்.

படிகாரம் செய்யும் வேலை

ஆற்று நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒரே வகையான மின்சாரத்தை உடையவை. ஆகையால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். படிகாரத்தை இட்டுக் கலக்கினால் அது கஞ்சிபோன்ற வெண்மையான பொருளாக மாறி, துகள்களின் மின்சாரத்தைத் தணித்து, அவற்றைத் திரளச் செய்கிறது. திரண்டவை தொட்டியின் அடியில் தங்குகின்றன. எஞ்சியவற்றை மணல் வடிகட்டி தடுக்கிறது. கடைசியில் குளோரின் இட்டுக் கிருமிகளைக் கொல்கிறார்கள்.

படிகாரம் குறைந்தால் கலங்கல் வடிகட்டியையும் கடந்து செல்லும். சேற்றுத் துகளுக்குள் மறைந்த கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. படிகாரம் மிகுந்தாலோ, நீரின் காரத்தன்மை குறைந்து புளிப்புத்தன்மை ஏறுகிறது. அலுமினியம் நீரில் தங்குகிறது. செலவும் கசடும் பெருகுகின்றன. ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையை உண்டுவிடும். குளிர்ந்த நீரில் துகள்கள் திரள்வதும் தாமதமாகும். ஆகவே ஒரே அளவு கலங்கலுள்ள இரு நீர்களுக்கு ஒரே அளவு படிகாரம் போதும் என்று சொல்வதற்கில்லை.

சரியான அளவை அறிய நெடுங்காலமாக வழங்கும் முறை ஜார் சோதனை. ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் ஆற்று நீரை ஊற்றி, வெவ்வேறு அளவு படிகாரம் இட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கித் தெளியவிடுவார்கள். எதில் குறைந்த படிகாரத்தால் நல்ல தெளிவு கிடைத்ததோ அதுவே அன்றைய அளவு. இதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வெள்ள காலத்தில் அதற்குள் ஆற்று நீரே மாறிவிடக்கூடும் என்பதே இதிலுள்ள சங்கடம்.

நரம்பு வலை என்பது யாது?

மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும் விதத்தைக் கணக்காக எழுதலாம் என்று 1943-ல் வாரன் மக்கல்லாக், வால்ட்டர் பிட்ஸ் என்னும் இருவர் காட்டினர். அதிலிருந்து வளர்ந்த கணக்கே இது. பெயர் நரம்பாயினும் இதில் உயிருமில்லை, நரம்புமில்லை. பெருக்கலும் கூட்டலுமே உள்ளன.

கலங்கல், நிறம், வெப்பம், காரத்தன்மை, இட்ட படிகாரம் ஆகிய எண்களை ஒருபுறம் கொடுக்கிறோம். ஒவ்வோர் எண்ணும் ஒரு "மதிப்பால்" பெருக்கப்பட்டு, கூட்டப்பட்டு, அடுத்த வரிசைக்குச் செல்கிறது. கடைசியில் "தெளிந்த நீரில் இவ்வளவு கலங்கல் மிஞ்சும்" என்று ஓர் எண் வெளிவருகிறது. முதலில் அது தவறாகவே இருக்கும். பதிவேட்டில் உள்ள உண்மையான எண்ணோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறு என்று கண்டு, அத்தவறு குறையுமாறு மதிப்புகளைப் பின்னிருந்து முன்னாகச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். இவ்வாறு ஆயிரக்கணக்கான தடவை செய்தால் கணக்கு பழக்கப்படுகிறது. இத்திருத்தும் முறை 1986-ல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையால் பரவலாயிற்று.

கானடா தேசத்து எட்மன்டன் நகரில் ராஸ்டேல் என்னும் நிலையம் வட சஸ்காச்சுவான் ஆற்று நீரைச் சுத்தி செய்கிறது. வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளம் மக்கிய இலை தழைகளின் நிறத்தையும் சேற்றையும் திடீரெனக் கொண்டுவரும். 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், அந்நிலையத்தின் பழைய பதிவுகளைக் கொண்டே நரம்பு வலையைப் பழக்கி, நிறம் எவ்வளவு நீங்கும் என்று முன்கூட்டிக் கணித்தார்கள். "இவ்வளவு படிகாரம் இட்டால் என்ன ஆகும்?" என்று பல அளவுகளைக் கணக்கிடம் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு நொடியும் ஆகாது. இதுவே இம்முறையின் பெரும் பயன்.

ஏமாறக்கூடிய இடங்கள்

முதலாவது, மனப்பாடம். பாடத்தை உருப்போட்ட மாணவன் புதுக் கேள்விக்கு விழிப்பதுபோல், கணக்கும் பழைய பதிவுகளை ஒப்பித்துவிட்டுப் புது நாளில் தவறலாம். ஆகையால் பதிவுகளில் ஒரு பகுதியைக் காட்டாமல் ஒதுக்கிவைத்து, பின்னர் அதைக் கொண்டு பரீட்சிக்க வேண்டும்.

இரண்டாவது, காணாத வெள்ளம். பதிவேட்டில் கலங்கல் 200 அலகுக்கு மேல் ஏறியதே இல்லையெனில், 600 அலகு வரும் நாளில் கணக்கு சொல்லும் எண் வெறும் ஊகமே. அன்று ஜார் சோதனைதான் கதி.

மூன்றாவது, காரணத்தை மாற்றிக் காண்பது. மிகுந்த கலங்கல் வந்த நாட்களில்தான் மிகுந்த படிகாரம் இட்டிருப்பார்கள். இதை மட்டும் பார்த்தால் படிகாரமே கலங்கலை உண்டாக்குகிறது என்று தோன்றும். அதிக மருந்து உண்டவர்களே அதிகம் இறந்தனர், ஆகவே மருந்தே கொன்றது என்பது போன்றது இது. கணக்குக்கு இரசாயனம் தெரியாது. தெரிந்த மனிதர் உடனிருக்க வேண்டும்.

பொய்க் கணக்கின் விலை

எல்லாவற்றிலும் கொடியது பொய்ப் பதிவு. கானடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்னும் சிற்றூரில், 2000-ம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையின் மாட்டெருவிலிருந்து கிருமிகள் ஆழமில்லாத ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கின. 7 பேர் மாண்டனர். 2,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பண்ணைக்காரர் மீது குற்றமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. நாள்தோறும் அளக்க வேண்டிய குளோரினை அங்குள்ள ஊழியர்கள் அளக்காமலே, அளந்ததாக எண்களை எழுதி வந்தார்கள் என்பதும் வெளியாயிற்று. அப்பதிவேட்டைக் கொண்டு ஒரு நரம்பு வலையைப் பழக்கியிருந்தால், ஊர் நோயில் கிடந்த வேளையிலும் அது "நீர் நன்று" என்றே சொல்லியிருக்கும்.

இது தூரதேசத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். ஒரு கிராமத்தில் மழைமானிப் பதிவேட்டைப் பார்வையிட்டபோது, ஒரு மாதக் கணக்கு முழுவதும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். எழுதியவரைக் கேட்டதற்கு, "காலியாக விட்டால் மேலே கேட்பார்களே" என்றார். காலியிடம் கேள்வியைத்தான் கொண்டுவரும். பொய் எண்ணோ நோயைக் கொண்டுவரும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கலங்கல், படிகாரம், குளோரின் ஆகியவற்றை அளந்த நேரத்தோடு அன்றன்றே எழுதுக. அளக்காத நாளில் "அளக்கவில்லை" என்று எழுதுக.

2. மழையளவு, வெள்ளம் வந்த நாள், மோட்டார் நின்ற நேரம் இவற்றையும் குறிக்க. கணக்கு கற்பது கஷ்டமான நாட்களிலிருந்தே.

3. குளோரினைத் தொட்டியடியில் மட்டுமன்றிக் கடைசித் தெருக் குழாயிலும் பார்க்க. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டுமென்பது 2012-ம் ஆண்டு இந்தியக் குடிநீர்த் தரவிதி.

4. எருக்குழிகளைக் குடிநீர்க் கிணற்றுக்குத் தூரமாகவும், மழைநீர் வழிந்து கிணற்றுப் பக்கம் செல்லாதவாறும் அமைக்க.

விதை பதராயின் எத்தனை உழவு உழுதாலும் விளைச்சல் இல்லை. நரம்பு வலைக்கு விதை பதிவேடே. அதை உண்மையாக எழுதும் கை கிராமத்தில் இருக்குமாயின், எட்மன்டனில் பயன்பட்ட கணக்கு நமக்கும் ஒருநாள் பயன்படும். கணக்கு வருமுன்னரே, அந்தப் பதிவேடு நம் குழந்தைகளின் குடிநீரைக் காக்கும்.