நடுவழியில் இறங்கினாலும் டிக்கெட் செல்லும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “கம்ப்யூட்டர் எடுத்தா உடனே வேலை கெடைக்குமாப்பா?” எந்தக் கல்லூரி என்பது அடுத்த கேள்வி. கல்லூரிக்கு இங்கே பஞ்சமில்லை. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். தெற்கே ராஜபாளையத்தில் 1973-ல் தொடங்கிய ராஜுக்கள் கல்லூரி, 2013-ல் வந்த ராம்கோ பொறியியல் கல்லூரி, இரண்டுக்கும் மூத்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக்.

சிக்கல் அந்த முதல் கேள்வியில்தான். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை முத்து முத்தாக எழுதி, அது தர வேண்டிய அவுட்புட்டையும் பேனாவாலேயே எழுதி, கையெழுத்து வாங்கி மூன்று வருடத்தை முடித்துவிடும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் கீபோர்டு அந்நியமாகத் தெரியும்.

இதற்கு மாற்றாகத்தான் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டத்தைக் கொண்டுவந்தது. பாடத்தில் அறுபது சதவீதம் தொழில் திறன், நாற்பது சதவீதம் பொதுப்படிப்பு. ஒரு வருடம் முடித்தால் டிப்ளமோ, இரண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றில் பட்டம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் மென்பொருள் உருவாக்கமும் கணினி நிர்வாகமும் சேர்ந்த படிப்பு இந்த முறையில் நடக்கிறது. நடுவழியில் இறங்கினாலும் டிக்கெட் செல்லும் பேருந்து இது. சாதாரண பி.சி.ஏ.வில் இரண்டாம் வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நின்றுவிட்ட பையனிடம் மார்க் ஷீட் மட்டும்தான் மிஞ்சும்.

இப்படிப் பல இடங்களில் வெளியேற வழி வைப்பது படிப்பை நிறுத்தத் தூண்டும் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு இருக்கிறது. அந்த அச்சம் வெறும் அரசியல் அல்ல. முதலில் நிறுத்தப்படுவது யார் வீட்டுப் பெண் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நிற்க நேர்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு சான்றிதழ் இருப்பது, இல்லாமல் இருப்பதைவிட மேல் என்பதே என் கட்சி.

பி.வோக்.கின் அந்த அறுபது சதவீதத் தொழில் திறனை எங்கே கற்பது? லேபில் அல்ல, வேலை நடக்கும் இடத்தில். இந்த வட்டாரத்தில் அதற்கு இடம் நிறைய. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வெளியூருக்குப் போகிறது, சிவகாசி அச்சகங்களுக்கு நாடு முழுவதும் ஆர்டர், ராஜபாளையத்தில் நூற்பாலைகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இன்று ஸ்டாக் கணக்கும் கூரியர் கணக்கும் தேவை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ள நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும். மில்லின் பழைய மென்பொருளிலிருந்து அந்த பில்லை எடுத்து அரசு போர்ட்டலுக்கு ஒழுங்காக அனுப்பும் சின்ன புரோகிராமை எழுதத் தெரிந்தவரை முதலாளிகள் விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் பெங்களூர் பஸ் ஏறுவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் நூற்பாலைக் குழுமமாக ராஜபாளையத்தில் முளைத்த ராம்கோவிலிருந்துதான் 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் கிளம்பியது. தொழிற்சாலைக் கணக்கை நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருளை எழுதி வெளிநாடுகளுக்கும் விற்றது.

பி.வோக். தவிர வேறு வழிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. தெற்கே தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம். அதன் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிறார்கள், பட்டம் தருவதில்லை. வடக்கே மதுரையில் எச்.சி.எல். அதன் டெக்பீ திட்டத்தில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்தவர்கள் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து, அதோடு பட்டமும் படிக்கலாம். வீட்டிலிருந்தே படிக்க, 2020-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பட்டம் இருக்கிறது. தகுதித் தேர்வு உண்டு, இடையில் நின்றால் டிப்ளமோவும் உண்டு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை. ஆனால் பாடம் கடினம். கூட உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஊரிலிருந்தே போய்வந்தால் பஸ் செலவுக்கும் நெட் பேக்குக்கும் ஆகும்.

“டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமா?” என்பது அம்மாக்கள் மறக்காமல் கேட்கும் கேள்வி. ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற வேலைகளுக்கு பி.வோக்.கையும் மற்றப் பட்டங்களைப் போலவே கருத வேண்டும் என்று மானியக் குழு சொல்லியிருக்கிறது. குறிப்பிட்ட பாடம் கேட்கும் பதவி என்றால் அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சேரும் நாளில் கல்லூரி அலுவலகத்தில் கேட்க இன்னொன்றும் இருக்கிறது: பயிற்சிக்கு எந்த மில், எந்த அச்சகம், எத்தனை மாதம்? பேரைச் சொல்லத் தடுமாறினால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறலாம். எப்படியும் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும்.